பழைய விக்டோரியன் நட்சத்திர அட்டைகள்: பொண்ணு ரூம்ல மாட்டலாமா, இல்ல படிக்கவே உதவுமா?

ரெடிங்_அம்மா கேட்டது:

வணக்கம் மக்களே. நாங்க இருக்கிறது இங்கிலாந்துல ரெடிங். பொண்ணுக்கு ஒன்பது வயசு, குளிர்காலம் வந்ததுல இருந்து நட்சத்திரப் பைத்தியம் பிடிச்சிருக்கு, இங்க சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடுதா, ஸ்கூல் விட்டு வர்ற வழியெல்லாம் தலையைத் தூக்கிட்டே நடக்குறா, நான்தான் கையைப் பிடிச்சு ரோடு கிராஸ் பண்ண வைக்கணும்.

போன வாரம் பக்கத்து ஊர்ல பழைய சாமான் சந்தை போட்டிருந்தாங்க. ஒரு ஸ்டால்ல ஒரு பெட்டி நிறைய அட்டைங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு நட்சத்திரக் கூட்டம், வேட்டைக்காரன், கரடி, சிங்கம்னு கலர்ல அழகா வரைஞ்சிருக்கு. "விக்டோரியன், 1825"ன்னு சீட்டு ஒட்டியிருந்தாங்க. நட்சத்திரம் இருக்கிற இடத்துல எல்லாம் குட்டி குட்டியா ஓட்டை. பூச்சி அரிச்சிருக்குன்னு நினைச்சு கேட்டா, அது வேணும்னே போட்ட ஓட்டைங்கறார். விலை கேட்டதும் வீட்டுக்காரர் என் தோளைத் தட்டி கூட்டிட்டு வந்துட்டார். அதே ஸ்டால்ல ஒரு பெரிய அட்லஸ்ல இருந்து பிரிச்ச ஓரியன் (அதான் அந்த வேட்டைக்காரன்) தாள் தனியா இருந்துச்சு, அது அவ்வளவு விலை இல்ல.

இப்போ என் கேள்வி: (அ) இந்த மாதிரி ஒரிஜினல் வாங்குறதுல அர்த்தம் இருக்கா, இல்ல பிரிண்ட் போதுமா. (ஆ) இருநூறு வருஷப் பழைய படத்தைப் பார்த்து குழந்தை இன்னைக்கு வானத்துல எதையாவது கண்டுபிடிக்க முடியுமா, எல்லாம் நகர்ந்திருக்காதா. (இ) ஆன்லைன்ல கருநீலத்துல தங்கக் கலர் கோடு போட்டு "விக்டோரியன் ஸ்டார் மேப்"னு போஸ்டர் விக்குறாங்களே அது நிஜமா அந்தக் காலத்து டிசைனா. வீட்டுக்காரர் சீலிங்ல ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கர் வாங்கினா போதும்ங்கறார்.

---

பழங்காகிதம்:

அந்தப் பெட்டி என்னன்னு நீங்க சொன்ன விதத்துலயே தெரியுது, அதுக்குப் பேர் யுரேனியாஸ் மிரர். மொத்தம் 32 அட்டை, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 8க்கு 5½ அங்குலம். லண்டன்ல ஸ்ட்ராண்ட் தெருவுல கடை வச்சிருந்த சாமுவேல் லீ 1824 கடைசியில போட்டது. செதுக்கினது சிட்னி ஹால், அவர் மேப் செதுக்குறதுல அந்தக் காலத்துல பேர் வாங்கினவர். படங்கள் அவரோட சொந்தக் கற்பனை கிடையாது, அலெக்சாண்டர் ஜேமிசன் 1822ல போட்ட வான அட்லஸைப் பார்த்து வரைஞ்சது, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா காளையோட கொம்பு வளைவு வரைக்கும் அப்படியே இருக்கும்.

முதல்ல அந்த சீட்டு. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்ததே 1837ல, 1825ல ராஜா நாலாம் ஜார்ஜ். அதனால "விக்டோரியன் 1825"ங்கறதே உதைக்குது. சந்தையில இருக்கறவங்க அந்த நூற்றாண்டு சாமான் எல்லாத்துக்கும் விக்டோரியன்னு ஒட்டிடுவாங்க, அதுல கெட்ட எண்ணம் இருக்குன்னு சொல்ல முடியாது, ஆனா தேதியையே யோசிக்காம எழுதினவர் மத்ததை யோசிச்சு விலை போட்டிருப்பாரான்னு நான் சந்தேகப்படுவேன்.

இதுல ஒரு சுவாரசியமான கதை இருக்கு. அட்டைங்களை வடிவமைச்சவர் பேர் போடாம "ஒரு சீமாட்டி வடிவமைத்தது"ன்னு மட்டும் விளம்பரம் பண்ணாங்க. யார் அந்த அம்மான்னு ஜனங்க நூத்தி எழுபது வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. 1994லதான் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டி நூலகர் பீட்டர் ஹிங்லி வெளிய கொண்டு வந்தார், அது அம்மாவே இல்ல, ரக்பி பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்த பாதிரியார் ரிச்சர்ட் ரவுஸ் புளோக்ஸம். சொசைட்டியில சேர அவரை முன்மொழிஞ்ச காகிதத்துல "யுரேனியாஸ் மிரர் ஆசிரியர்"னு இருந்துச்சாம். வாத்தியார் ஏன் பேரை மறைச்சார்னு யாருக்கும் தெரியாது. வீட்டுல பொண்ணுங்களுக்கு வானவியல் சொல்லிக் குடுக்குறது அப்போ ஃபேஷன், சீமாட்டி பேர்ல விட்டா நல்லா ஓடும்னு நினைச்சிருப்பாங்கன்னு என் யூகம்.

ஒரிஜினலா மறுபதிப்பான்னு பார்க்குறது கஷ்டமில்ல. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. கலர் இருக்கிற இடத்துல வச்சுப் பாருங்க, நீலம் சிவப்பு மஞ்சள் புள்ளிங்க ஒழுங்கா பூ மாதிரி அடுக்கியிருந்தா அது இந்தக் காலத்து அச்சு, பேச்சே இல்ல. பழசுல கோடு எல்லாம் செதுக்கின மை, கலர் மேல தூரிகையால பூசினது, கோட்டைத் தாண்டி அங்கங்க வழிஞ்சிருக்கும், ஒரே அட்டை ரெண்டு செட்ல ரெண்டு மாதிரி கலர்ல இருக்கும். அட்டை முழுக்க ஒரே சீரா பழுப்பா இருந்தா உஷார், டீத்தண்ணில முக்கி "பழசாக்குற" ஆளுங்க இருக்காங்க. 1840க்கு முன்னாடி காகிதம் துணிக்கந்தல்ல செஞ்சது, நல்லா பாதுகாத்திருந்தா இன்னைக்கும் வெள்ளையாவே இருக்கும். மரக்கூழ் காகிதம் பரவினது நூற்றாண்டு பின்பாதியில, அதுதான் ஓரம் பழுத்து நொறுங்குறது.

ஓட்டையைப் பத்தி: பூச்சி இல்ல, சரியாத்தான் சொல்லியிருக்கார். நட்சத்திரம் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு பெரிய ஓட்டை. மெழுகுவர்த்தி முன்னாடியோ ஜன்னல் வெளிச்சத்துலயோ தூக்கிப் பிடிச்சா படம் இருட்டாகி நட்சத்திரம் மட்டும் ஒளிரும். அந்த செட்டோட உயிரே அதுதான். அதனாலதான் சொல்றேன், ஃப்ரேம் போட்டு சுவத்துல அறைஞ்சா பின்னாடி வெளிச்சம் வராது, அது பாதி அட்டைதான்.

தனி ஓரியன் தாளைப் பத்தி கொஞ்சம் கசப்பா சொல்லணும். முழு அட்லஸை வாங்கி, தையலைப் பிரிச்சு, பக்கம் பக்கமா விக்குற வியாபாரம் ஒண்ணு இருக்கு, தாள் தாளா வித்தா புஸ்தகத்தை விட காசு கூட வரும். ஏற்கனவே பிரிச்சதை வாங்கினா உங்க மேல பாவம் இல்ல, ஆனா நான் வாங்க மாட்டேன்.

---

ஆப்பே_போதும்:

மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் எதிர்ப்பா சொல்றேன். ஸ்டெல்லேரியம்னு வானத்தைக் காட்டுற ஆப் ஃப்ரீ. போனைத் தூக்கினா அதுவே பேர் சொல்லும். கரடிப் படம் போட்ட அட்டையைப் பார்த்து வானவியல் கத்துக்கிறது, ராஜா காலத்து மேப் வச்சு லண்டன்ல டாக்ஸி ஓட்டுற மாதிரி. அழகுக்கு வேணும்னா மாட்டுங்க, படிப்புன்னு பேர் வைக்காதீங்க.

---

மொட்டைமாடி_வானம்:

ஆப்பே_போதும் ப்ரோ, உவமை நல்லாருக்கு ஆனா லண்டன் தெரு மாறின அளவுக்கு வானம் மாறல, அதான் விஷயம். ரெடிங்_அம்மாவோட (ஆ) கேள்விக்கும் இதுவே பதில், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

பூமியோட அச்சு பம்பரம் சாயுற மாதிரி மெதுவா சுத்துது, ஒரு முழுச் சுத்துக்கு ஏறக்குறைய 26,000 வருஷம். அதனால படத்துல போட்டிருக்கிற குறுக்கு நெடுக்குக் கோடு, அதாவது வானத்தோட அட்சரேகை தீர்க்கரேகை, 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி கணக்குல நழுவும். 1825 படம்னா இப்போ மூணு டிகிரிக்குக் கொஞ்சம் கம்மியா தள்ளியிருக்கும். டெலஸ்கோப்பை எண் வச்சுத் திருப்புறவங்களுக்கு அது உதவாது. ஆனா நட்சத்திரங்க ஒண்ணுக்கொண்ணு இருக்கிற இடம், அந்த வடிவம், கண்ணுக்கு அப்படியேதான் இருக்கு. வெறும் கண்ணுல தெரியுற பிரகாசமான நட்சத்திரங்கள்ல வேகமா நகர்றதுல ஒண்ணு ஆர்க்டரஸ், நம்ம சுவாதி. அதுவே இந்த இருநூறு வருஷத்துல நகர்ந்தது நிலாவோட அகலத்துல கால் பங்கு. உங்க பொண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ஆப் பத்தி: நான் தினமும் யூஸ் பண்றேன், குறை சொல்லல. ஆனா போனைத் தூக்கினா பேர் வருது, பேர் வந்ததும் குழந்தை அடுத்ததுக்குப் போயிடுது. கண்ணும் கூசிடும், இருட்டுக்குப் பழகுறதுக்கு இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு தடவை வெள்ளை ஸ்கிரீனைப் பார்த்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஓட்டை போட்ட அட்டையில வேலை வேற மாதிரி நடக்குது. வீட்டுக்குள்ள விளக்குல பிடிச்சு அந்தப் புள்ளி அமைப்பை மட்டும் மனசுல வாங்கிட்டு, வெறும் கையோட வெளிய போய்த் தேடணும். படத்துல இருக்கிற மனுஷனையும் சிங்கத்தையும் விட்டுட்டு புள்ளியை மட்டும் ஞாபகம் வச்சுக்கறதுக்கு அதை விட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்ல.

பெருசு என்னன்னா, அட்டையில இல்லாத ஒரு பிரகாசமான புள்ளி ராசி மண்டலத்துப் பக்கம் வானத்துல தெரிஞ்சா அது பெரும்பாலும் கோள். எந்த நட்சத்திரப் படத்துலயும் வியாழனையும் செவ்வாயையும் அச்சடிக்க முடியாது, அதுங்க நிக்காது. "அம்மா, காளை அட்டையில இது இல்லையே"ன்னு பொண்ணு தானா சொன்னா அன்னைக்குப் பாடம் முடிஞ்சது, ஆப் அதை முன்கூட்டியே சொல்லிக் கெடுத்துடும்.

இன்னும் கொஞ்சம். பெர்சியஸ் அட்டையில அந்த வீரன் கையில மெடூசாவோட வெட்டின தலை இருக்கும், அந்தத் தலையில இருக்கிற நட்சத்திரம் அல்கோல். 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒரு தடவை மங்கும், பிரகாச அளவு 2.1ல இருந்து 3.4 வரைக்கும் (எண் கூடினா மங்கல்), மங்கித் தெளிய மொத்தம் பத்து மணி நேரம். வெறும் கண்ணுல பார்க்கலாம், பக்கத்துல இருக்கிற மிர்ஃபாக் நட்சத்திரத்தோட ஒப்பிட்டுப் பார்த்தா போதும். இந்தக் கணக்கைப் பிடிச்சு, ஏதோ ஒரு இருண்ட பொருள் குறுக்க வந்து மறைக்குதுன்னு 1783ல சொன்னது யார்க் நகரத்துல இருந்த ஜான் குட்ரிக், காது கேக்காத பையன், அப்போ வயசு இருபது கூட ஆகல. 21 வயசுலயே போயிட்டான். அட்டை ஒண்ணு, ஊர் ஒண்ணு, பையன் ஒருத்தன், எல்லாம் உங்களுக்கு ரயில்ல போற தூரம்.

அப்புறம் காணாமப் போன கூட்டங்கள். யுரேனியாஸ் மிரர்ல இன்னைக்கு இல்லாத உருவங்கள் நிறைய இருக்கு. அச்சுக்கூடம் ஒண்ணு இருக்கு, கலைமான் இருக்கு, 32ஆம் அட்டையில ஹைட்ரா பாம்புக்கு அடியில ஒரு பூனை கூட இருக்கு. லலாந்துங்கற பிரெஞ்சு வானவியலாளருக்குப் பூனைன்னா உயிர், அதனால 1799ல வானத்துல ஏத்திட்டார். 1922ல சர்வதேச வானவியல் சங்கம் நட்சத்திரக் கூட்டம் மொத்தம் 88ன்னு முடிவு பண்ணினப்போ இதெல்லாம் கழிஞ்சுது. எல்லைக்கோடு நேர்க்கோடா வந்தது அதுக்கும் பின்னாடி, பெல்ஜியத்து டெல்போர்ட் போட்டு 1930ல வெளியானது. பூனைக்கு மட்டும் ஒரு ஆறுதல், அந்த இடத்துல இருக்கிற ஒரு நட்சத்திரத்துக்கு 2018ல ஃபெலிஸ்னு அதிகாரப்பூர்வமா பேர் வச்சுட்டாங்க. ஆனா எனக்குப் பிடிச்சது சுவர்க் கோணமானி, லத்தீன்ல குவாட்ரன்ஸ் முராலிஸ். அதுவும் லலாந்து வச்சதுதான், கூட்டம் ஒழிஞ்சு போச்சு, ஆனா ஜனவரி 3, 4 வாக்குல வர்ற எரிகல் மழைக்குப் பேர் இன்னமும் குவாட்ரண்டிட்ஸ். ஏன் அந்தப் பேர்னு இன்னைக்கு மேப்ல தேடினா கிடைக்காது, பூட்டீஸ், அதான் ஆர்க்டரஸ் இருக்கிற கூட்டம், அதோட பழைய அட்டையை எடுத்தா அங்க உக்காந்திருக்கும்.

வாங்கும்போது இதை மட்டும் பாருங்க: ஓரியன் படத்துல சிவப்பு பெட்டல்ஜியூஸ், அதாவது திருவாதிரை, இடது மேல்பக்கமும், வெள்ளை ரைஜல் வலது கீழ்ப்பக்கமும் இருக்கணும். இடது வலது மாறி இருந்தா அது வான உருண்டைக்கு வெளிய இருந்து பார்க்குற மாதிரி வரைஞ்சது, ஹெவேலியஸ்ங்கற வானவியலாளரோட 1690 அட்லஸ் அப்படித்தான். அதோட மறுபதிப்பு மாட்டினா அழகா இருக்கும், வானத்தோட பொருந்தாது, குழந்தை குழம்பிடும்.

---

ஆப்பே_போதும்:

சரி சரி, கோள் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா எந்த மாசம் எத்தனை மணிக்கு எது தெரியும்னு இந்த அட்டை சொல்லாதே? அங்க என்ன பண்றது.

---

மொட்டைமாடி_வானம்:

சொல்லாது, உண்மை. அதுக்குத்தான் சுத்துற பிளானிஸ்ஃபியர். ரெண்டு தட்டு, தேதியையும் மணியையும் பொருத்தினா ஜன்னல்ல அப்போதைய வானம் வரும். லண்டன்ல ஜார்ஜ் பிலிப் கம்பெனி விக்டோரியா காலத்துலயே போட ஆரம்பிச்சது, இன்னைக்கும் அதே பேர்ல புதுசு விக்குது. 51.5 டிகிரி வடக்குன்னு போட்டிருக்கிறதை வாங்குங்க, ரெடிங்குக்கு அதுதான். அட்டை செட்டோட விலையில ஒரு ஓரம் கூட ஆகாது. முதல்ல இது, அப்புறம் மத்தது.

விக்டோரியன் காலத்துல நிஜமாவே வீட்டுப் பாடத்துக்குன்னு எழுதினவர்ல எனக்குப் பிடிச்சவர் ரிச்சர்ட் ப்ராக்டர். 1869ல மாசவாரியா வானத்தைக் காட்டுற சின்னப் புஸ்தகம், 1870ல பன்னிரண்டு வட்ட மேப்ல ஒரு அட்லஸ், அடுத்த வருஷம் ஆர்கெலாண்டர்ங்கற ஜெர்மன் வானவியலாளரோட நட்சத்திரப் பட்டியல்ல இருந்து 3 லட்சத்து 24 ஆயிரத்துக்கும் மேல நட்சத்திரத்தை ஒரே தாள்ல புள்ளி வச்சார். கையால. எதுக்குத் தெரியுமா, எங்க நெருக்கமா இருக்கு எங்க கலைஞ்சிருக்குன்னு ஒரே பார்வையில தெரியணும்னு. பால்வீதி அதுல தானா எழும்பி வரும். சுவத்துல மாட்ட என்னைக் கேட்டா கரடி சிங்கத்தை விட அந்தத் தாளோட பிரிண்ட்தான்.

---

ஊசிக்காரி:

அக்கா, நான் இதை நிஜமாவே வீட்டுல பண்ணியிருக்கேன், அதனால செலவில்லாத வழி சொல்றேன். அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல யுரேனியாஸ் மிரர் முழு செட்டும் கலர்ல பெரிய ஃபைலா இருக்கு, காப்பிரைட் கிடையாது, இறக்கிக்கலாம். பிரிண்ட் கடையில 300 ஜிஎஸ்எம் மேட் அட்டையில ஒரிஜினல் சைஸ்லயே போடச் சொல்லுங்க. பளபளன்னு கோட்டிங் வேண்டாம், ஓட்டை போடும்போது ஓரம் வெள்ளையா கிழியும்.

ஓட்டை போடுறதுதான் ஜாலி. அடியில பழைய யோகா மேட் துண்டு, மேல அட்டை. சின்ன நட்சத்திரத்துக்கு தையல் ஊசி, நடுத்தரத்துக்கு மேப் பின், சிரியஸ் மாதிரி பெருசுக்கு கோணி ஊசி. அட்டையிலயே நட்சத்திரத்தோட பிரகாசத்துக்குத் தகுந்த மாதிரி குறி வேற வேறயா இருக்கும், பொண்ணே பார்த்து எது எந்த ஊசின்னு முடிவு பண்ணட்டும், அதுலயே பாதி கத்துக்குவா. பின்பக்கம் கருப்பு சார்ட் பேப்பர் ஒட்டிட்டு ஓட்டை போட்டா வெளிச்சம் அட்டை வழியா கசியாது, இல்லன்னா படம் முழுக்க மங்கலா ஒளிரும், எஃபெக்ட் வராது. ட்ரேசிங் பண்றதுக்கு விக்குற எல்இடி தட்டு இருக்குல்ல, ஏ4 சைஸ், யுஎஸ்பில ஓடுறது, அது மேல வச்சா போதும், மெழுகுவர்த்தி எல்லாம் காகிதத்துக்குப் பக்கத்துல வேண்டவே வேண்டாம்.

32ம் போட வேண்டாம். அந்தந்த மாசத்துக்கு ரெண்டு மூணு போதும், இப்போன்னா ஓரியன், காளை, மிதுனம். எங்க வீட்டுல வீடியோ கால்ல பாட்டி "கார்த்திகை எங்க இருக்கு காட்டு"ன்னு கேட்டப்புறம்தான் காளை அட்டைக்கு மவுசு வந்துச்சு, ரோகிணி, கார்த்திகை ரெண்டும் அதே அட்டையில இருக்கு.

---

நுங்கம்பாக்கம்_வாசி:

நடுவுல புகுந்து கேக்கறேன். நான் சென்னை. இந்த செட்டை பிரிண்ட் பண்ணினா இங்க வேலைக்கு ஆகுமா?

---

மொட்டைமாடி_வானம்:

முக்கால்வாசி ஆகும். வடிவம் ஒண்ணுதான், நிக்குற கோணம் மாறும், சென்னையில துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரத்துல தரையோட ஒட்டிக்கிட்டு நிக்கும், லண்டன்ல பாதி வானத்துக்கு மேல. ஆனா அது பிரிட்டன்ல இருந்து தெரியுற வானத்துக்காகப் போட்ட செட். தெற்கு சிலுவைக்கு அட்டை கிடையாது. அகத்திய நட்சத்திரம், அதான் கனோபஸ், லண்டன்ல உதிக்கவே உதிக்காது, உங்களுக்கு பிப்ரவரி ராத்திரி தெற்கே பளிச்னு நிக்கும். தெற்குப் பக்கத்துக்கு வேற மேப் வேணும்.

உங்க பேட்டைப் பேரைப் பார்த்ததும் சொல்லாம இருக்க முடியல. அட்டையில ஓட்டை பெருசா சின்னதான்னு பேசிட்டிருக்கோமே, நட்சத்திரப் பிரகாசத்துக்கு இன்னைக்கு உலகம் முழுக்க யூஸ் பண்ற அளவுகோலை, அஞ்சு படி இறங்கினா நூறு மடங்கு மங்கல், ஒரு படிக்கு 2.512ன்னு, 1856ல முன்மொழிஞ்சவர் நார்மன் போக்சன். அவர் 1861ல நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் அப்சர்வேட்டரிக்கு வந்து 1891ல சாகுற வரைக்கும் அங்கயேதான் இருந்தார். வந்த வருஷமே ஒரு சிறுகோள் கண்டுபிடிச்சு ஆசியான்னு பேர் வச்சார். அவர்கிட்ட வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி மாறும் நட்சத்திரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சவர்.

---

ரெடிங்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல. பொண்ணுகிட்ட பூனை விஷயம் சொன்னேன், 88ல ஏன் பூனையை எடுத்தாங்கன்னு யாருக்கோ லெட்டர் எழுதப் போறாளாம்.

முடிவு இதுதான்: பிளானிஸ்ஃபியர் ஆர்டர் போட்டாச்சு, அட்டை பிரிண்ட் பண்ணி ஓட்டை போடப் போறோம். ஆனா சுவத்துல ஏதாவது ஒண்ணு பழசா வேணும்னு எனக்கே ஆசை. நான் படிக்கிற இடத்துல மாட்ட, குழந்தை ரூம்ல இல்ல. 32ல ஒண்ணு வேண்டாம், வேற என்ன பார்க்கலாம், எப்படி மாட்டணும்? அந்தக் கருநீலப் போஸ்டர் பத்தி யாரும் சொல்லலையே.

---

பழங்காகிதம்:

போஸ்டர் முதல்ல. நீலப் பின்னணி அந்தக் காலத்துல இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது, ஆனா ஆன்லைன்ல பார்க்குற கருநீலம், தங்கம் எல்லாம் பெரும்பாலும் பழைய வெள்ளைத் தாள் மேப்பை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல கலர் திருப்பினது. பிடிச்சா வாங்குங்க, பழசுன்னு நம்பி காசு குடுக்காதீங்க. சிலதுல எழுத்தைப் பெருக்கிப் பார்த்தா பேரே படிக்க வராது, அந்த மாதிரி மங்கல் ஃபைல்ல அடிச்சதை விட்டுடுங்க.

நிஜமான விக்டோரியன், விலையும் கையைக் கடிக்காம, மாட்டவும் தோதா வேணும்னா ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் போட்ட படங்களைத் தேடுங்க. அவரும் ஸ்ட்ராண்ட் தெருதான், 174ஆம் நம்பர். 1840கள்ல இருந்து சூரியக் குடும்பம், கிரகணம், நிலாவோட பிறை, அலை ஏற்ற இறக்கம்னு பாடப் படம் தனித்தனித் தாளா வித்தார், வரைஞ்சு செதுக்கினது ஜான் எம்ஸ்லி. தனித்தாளாவே வித்ததால வாங்குறதுக்காக ஒரு புஸ்தகத்தைக் கிழிக்க வேண்டியதில்ல, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அதுல சிலது ஒளி ஊடுருவுற மாதிரி வெட்டி, பின்னாடி கலர் மெல்லிய தாள் ஒட்டியிருக்கும், விளக்கு முன்னாடி பிடிச்சா சூரியனும் கோளும் எரியும். அப்படிப்பட்டதுக்குப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க, மெல்லிய தாள் கிழிஞ்சு வேற டிஷ்யூ ஒட்டியிருக்கான்னு.

குழந்தை ரூம் வேண்டாம்னு நீங்களே சொன்னது சரி, ஆனா காரணம் ஒண்ணு கூட சேர்த்துக்கோங்க. அந்தக் காலத்துல பளிச் பச்சைக் கலர்ல ஆர்செனிக் கலந்தது புழக்கத்துல இருந்துச்சு, சுவர்த்தாள்ல, புஸ்தக அட்டைத் துணியில, கையால பூசுற கலர்லயும். எல்லாப் பச்சையும் அதுன்னு இல்ல. கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கும்போது பயமில்ல. ஆனா ஒரிஜினலைக் குழந்தை தினமும் கையில எடுத்து விளையாடுறது, எச்சில் தொட்டுத் திருப்புறது இதுக்கெல்லாம் அது ஆகாது, அதுக்குத்தான் ஊசிக்காரி சொன்ன பிரிண்ட்.

மாட்டுறது: கையால பூசின கலர் வெயில்ல ஓடிப் போயிடும், போனது திரும்பாது. மியூசியத்துல காகிதப் படத்துக்கு 50 லக்ஸ்தான் வெளிச்சம் விடுவாங்க, வீட்டுல அந்த அளவு முடியாது, ஆனா ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டவே வேண்டாம், ஜன்னல் இருக்கிற அதே சுவர்ல பக்கவாட்டுல மாட்டினா நேர் வெயில் படாது. ரேடியேட்டருக்கு மேல மாட்டாதீங்க, இங்க எல்லாரும் அங்கதான் மாட்டுறாங்க ஏன்னே தெரியல. பாத்ரூமுக்கு ஒட்டின சுவரும் வெளிச்சுவரும் ஈரம் இழுக்கும், பழுப்புப் புள்ளி புள்ளியா பூஞ்சை வர ஆரம்பிச்சா நிக்காது.

ஃப்ரேம் கடையில நாலு விஷயம் கறாரா சொல்லுங்க: அமிலமில்லாத மவுண்ட் போர்டு, முன்னாடியும் பின்னாடியும். படம் கண்ணாடியில ஒட்டக் கூடாது, நடுவுல இடைவெளி வேணும். யூவி தடுக்குற அக்ரிலிக் இல்ல கண்ணாடி. செலோடேப், பசை, சூடு வச்சு அழுத்தி ஒட்டுறது எதுவும் கூடாது, ஜப்பானியத் தாள் கீல் வச்சு கோதுமை மாவுப் பசையில மேல் ஓரத்துல மட்டும் பிடிக்கணும். ஓரத்தை "கொஞ்சமா" வெட்டிக்கறேன்னு சொன்னா தாளைத் திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க. செதுக்கின தகடு அழுத்தின பள்ளம் அந்த ஓரத்துலதான் இருக்கும், அதை வெட்டிட்டா நாளைக்கு இது ஒரிஜினல்னு காட்ட உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

---

ரெடிங்_அம்மா:

அந்த ஒளி ஊடுருவுற வகை கிடைச்சா? அதையும் மூடின ஃப்ரேம்லயா போடணும்?

---

பழங்காகிதம்:

ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்ட ஃப்ரேம் பண்ணித் தருவாங்க, கடையில கேளுங்க. சுவத்துல மாட்டாம அலமாரியில நிக்க வைங்க, வேணும்ங்கறப்போ பின்னாடி சூடாகாத ஒரு சின்ன எல்இடி வச்சுப் பாருங்க, பார்த்துட்டு அணைச்சுடுங்க. நாள் முழுக்க எரிய விடாதீங்க. வாங்குறதுக்கு முன்னாடி முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூணும் போட்டோ எடுத்து இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.